பழங்கணினி வாங்குமுன் எண்ணத் தக்கன

எம்மூராகிய திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒருங்கு கூடுமிடத்து அமைந்தமையின் அப்பெயர் பெற்றது. ஆங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. கோயிலைச் சார்ந்து நடைபெற்ற ஆதுலர் சாலைக்குப் படுக்கை 15 என்றும், மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்டிர் முதலியோர்க்கு அளக்கும் நெல் இவ்வளவென்றும், இருப்பில் வைத்தற்குரிய மருந்துகள் இவையிவை என்றும் அது வரையறுத்துக் கூறுகின்றது. ஏறத்தாழ 950 ஆண்டுகட்கு முன்னரே ஒரு பணிக்கு வேண்டுவன யாவற்றையும் எண்ணிக் கணக்கெழுதி வைத்தனர் என்பதை இளமை முதலே யாம் கேட்டு வந்தோம். எனினும், 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் தம்பிக்குப் பழைய கணினியொன்று வாங்கப் புகுந்தபோது அவ்வழக்கத்தை மறந்தோம்; 3000 ரூபாயை இழந்த பின்னரே நினைந்தோம். நம் கல்லூரி மாணவருள்ளும் இம்முயற்சியில் இறங்குவார் சிலர் உளராதலின், யாம் பட்டறிந்ததை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

தம்பி விரும்பியது கணினியில் விளையாட. இதனை வீண் என்பாரும் உளர். பாடம் எழுதவும் கணக்குப் பயிலவும் உதவும் கருவியிலேயே மாலையில் ஒரு நாழிகை விளையாடுதல் குற்றமாகாது என்பது எம் கருத்து. ஆயின் பொருளோ சிறிது. எம் அன்னையார் பட்டு நெய்வோர்க்குத் தார் சுற்றிக் கொடுத்துச் சேர்த்த 20,000 ரூபாயே எம் கையிலிருந்தது. புதுக் கணினி அத்தொகைக்கு எட்டாதாகலின் பழங்கணினியை நாடினோம்.

அலுவலகங்கள் சில ஆண்டுகட்கொருமுறை தம் கணினிகளை மொத்தமாக மாற்றுகின்றன. அவ்வாறு கழிக்கப்பட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் முதலியன சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சித் தெரு போன்ற இடங்களில் விலைக்கு வருகின்றன. இவை நீண்டநாள் உழைக்குமாறு செய்யப்பட்டவை. ஆயினும் கணக்கெழுதவும் கடிதம் வரையவும் அமைந்தனவேயன்றி விளையாட்டுக்கு அமைந்தனவல்ல. ஆதலின் சில உறுப்புகளை மாற்றியும் சேர்த்தும் கொள்ளல் வேண்டும். எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றலாகாது என அறிவதே இதன்கண் உள்ள நுட்பம்.

தறியை நோக்கின் இது எளிதில் விளங்கும். ஒருவர் தார் சுற்றித் தர, மற்றொருவர் நெய்கின்றார். தார் சுற்றுவோர் தாழ்த்தின் தறி வாளா நிற்கும். நெய்வோர் தாழ்த்தின் தார் குவிந்து கிடக்கும். கணினியிலும் பிராசஸர் எனப்படும் செயலி, அடுத்த காட்சிக்கு வேண்டுவனவற்றைக் கணக்கிட்டு அனுப்ப, கிராபிக்ஸ் கார்டு அதனைப் படமாக்கித் திரைக்குத் தருகின்றது. ஒரு நொடியில் 60 படம் வருமாயின் ஆட்டம் தடையின்றிச் செல்லும். இவ்விரண்டனுள் ஒன்று மிக விரைவும் மற்றொன்று மிகத் தாழ்வும் உடையதாயின், விரைவுக்குக் கொடுத்த பணம் பாழே. ராம் எனப்படும் நினைவகம் நெய்வோர் கைக்கெட்டும் தார்க்கூடை போல்வது. வட்டு, வீட்டினுள் இருக்கும் இருப்பறை போல்வது. வட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. வைப்பின் கணினி விரைந்து எழும். ஆட்டமும் விரைவில் திறக்கும். ஆயின் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை அதனால் உயர்வது அரிது. நினைவகத்தையும் 8 ஜிபி ஒன்றாக வைப்பதினும் 4 ஜிபி இரண்டாக வைத்தல் நன்று. இரு வழியாகச் செய்தி சென்று வருமாதலின்.

இனி, பெரும்பாலோர் நோக்காது விடும் உறுப்பு மின்வழங்கியாகும். யாம் வாங்கிய ஆப்டிபிளெக்ஸ், 2015இல் வெளிவந்த கோர் ஐ5-6500 செயலியை உடையது. அதன் மின்வழங்கியின் ஆற்றல் 240 வாட்டே. இத்தகைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கியின் வடிவும் இணைப்பும் பொதுமுறையின் வேறானவை. ஆதலின் கடையில் கிடைக்கும் பெரிய மின்வழங்கியை வாங்கி அப்படியே பொருத்தல் இயலாது. தாய்ப்பலகையில் கார்டைச் செருகும் பள்ளம் தன் வழியே 75 வாட் வரை தரும். ஆகவே தனி மின்கம்பி வேண்டாது அவ்வளவில் இயங்கும் கார்டையே தேர்தல் வேண்டும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றுள் தனிக்கம்பி வேண்டாத வகைகள் உள. பெட்டி ஒடுங்கியதாயின் உயரம் குறைந்த கார்டே அதனுள் அடங்கும். அது அருமையாகவே கிடைப்பது. எனவே பெட்டி பெரிதாயுள்ள கணினியைக் கொள்ளுதலே அறிவுடைமை.

இவற்றையெல்லாம் அறியுமுன்னரே யாம் இழுக்கினோம். கைப்பேசி விளம்பரத்தில் 1050 டிஐ என்னும் கார்டை ஒருவர் 3000 ரூபாய்க்குத் தருவதாகக் கண்டு, பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்துப் பணங்கொடுத்து வாங்கினோம். கணினியும் அப்பெயரையே காட்டிற்று. தம்பியின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. ஆட்டத்தைத் தொடங்கிய சிறிது நேரத்தில் திரை இருண்டது. பன்முறை முயன்றும் அவ்வாறே ஆயிற்று. பின்னர் ஜிபியு-இசட் என்னும் மென்பொருளைக் கொண்டு ஆராய்ந்தபோது, அது பல்லாண்டு முற்பட்ட சிப்புடைய கார்டென்றும், உள்ளெழுத்தை மாற்றிப் புதுப்பெயர் சூட்டப்பட்டதென்றும் வெளிப்பட்டது. விற்றவர் தொலைபேசி பின்னர் ஒலிக்கவில்லை. அன்னையார் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறினாரில்லை. அன்றிரவு வழக்கத்தினும் நெடுநேரம் இராட்டையருகே அமர்ந்திருந்தார். அதுவே எமக்குப் பெருந்துயராயிற்று.

ஆகவே வாங்குவோர் செய்யத்தக்க சோதனைகளை முறையே கூறுவோம். முதலாவது, இயங்காத நிலையில் எதனையும் வாங்கற்க. விற்போர் முன்னிலையிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க. இரண்டாவது, கார்டின் உண்மையை ஜிபியு-இசட் கொண்டு அறிக. 1050 டிஐ என்று கூறப்படும் கார்டில் பழைய விஜிஏ துளை இருப்பின் ஐயுறுக. மூன்றாவது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்பதனால் வட்டின் நலத்தைக் காண்க. நான்காவது, பயாஸில் முன்னையோர் இட்ட கடவுச்சொல் உளதா என நோக்குக; இருப்பின் அதனை நீக்கித் தரச் செய்க. ஐந்தாவது, விசிறியின் ஒலியையும் வெப்பத்தையும் கவனிக்க. செயலியின்மேல் உலர்ந்துபோன பசையைத் துடைத்துப் புதுப்பசை தடவுதல் சிறுசெலவில் பெரும்பயன் தருவது.

எம் செலவுக் கணக்கு வருமாறு: கணினி 8500, கூடுதல் நினைவகம் 1000, எஸ்.எஸ்.டி. 1700, பழைய திரை 2500, விசைப்பலகையும் மவுசும் 600, கடையில் சோதித்து வாங்கிய 1050 டிஐ 4500, ஆக 18,800 ரூபாய். இழந்த 3000 சேர 21,800. கைப்பொருளினும் மிகுந்த 1800 ரூபாய்க்காகத் தம்பி அவ்விடுமுறை முழுதும் அன்னையாருடன் அமர்ந்து தானும் தார் சுற்றினான். அதன்பின் வாலரண்ட், ஜிடிஏ 5 முதலிய ஆட்டங்கள் அளவான அமைப்பில் தடையின்றி நடந்தன.

நிற்க. இப்பொழுது வாங்குவோர்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை தொடங்கியே ஏற்கின்றது. எம் தம்பியினது 6ஆம் தலைமுறை. அதன் தாய்ப்பலகையில் 8ஆம் தலைமுறைச் செயலியை வைத்தலும் இயலாது. ஆதலின் அவன் லினக்ஸுக்கு மாறினான். ஸ்டீம் வழிப் பெற்ற ஆட்டங்கள் பல புரோட்டான் என்னும் கருவியால் அதிலும் நடக்கின்றன. வாலரண்ட் நடவாதாகலின் அதனை விட்டொழித்தான். விலை மிகக் குறைந்ததென்று பழைய தலைமுறையை மேற்கொள்வோர் இதனையும் விலையின் ஒரு பகுதியாகக் கணக்கிடுவாராக. சிறிது கூடுதலாகக் கொடுத்து, 2018இல் வந்த ஐ5-8500 போன்ற ஆறு கருவுடைய செயலியுள்ள கணினியை வாங்குதல் நெடும்பயன் தரும்.

பழம்பொருள் வாங்குதல் இழிவன்று. எண்ணாது வாங்குதலே இழிவு. எவ்வாட்டம் ஆடப்போகின்றோம், அதற்கு எவ்வுறுப்பு வேண்டும், அவ்வுறுப்பைப் பெட்டியும் மின்வழங்கியும் தாங்குமா என்பவற்றைத் தாளில் எழுதிய பின்னரே கடைக்குப் புறப்படுக. தம்பி இன்று நண்பர்க்குக் கணினி வாங்கத் துணைசெல்லும்போது ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டே செல்கின்றான். பேருந்து நிலையத்தில் எவரையும் சந்திப்பதில்லை.