வலிக்கும் விரலும் கிடார் வாசிக்கும்

ஷில்லாங், டார்ஜிலிங், கோவா, கொல்கத்தா. இந்த ஊர்களில் பல வீடுகளில் கிடார் இருக்கும். தேவாலயத்தில் வாசிப்பார்கள். கல்யாண வீட்டில் வாசிப்பார்கள். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தும் வாசிப்பார்கள்.

கொல்கத்தாவில் இப்படி ஒருவரை நினைத்துக்கொள்வோம். இருபது வயதில் அவர் நன்றாகக் கிடார் வாசித்தார். பிறகு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. குழந்தைகள் பிறந்தார்கள். கிடார் அலமாரியின் மேல் ஏறியது. நாற்பது வருடம் அங்கேயே கிடந்தது.

அறுபது வயதில் ஓய்வு பெற்றார். ஆசையாகக் கிடாரை எடுத்துத் தூசி தட்டினார். கம்பியை அழுத்தினார். கட்டைவிரலின் அடியில் சுரீர் என்று வலித்தது. விரல் நுனி மூட்டுகள் புடைத்திருந்தன. "இனி நமக்கு இது ஆகாது" என்று சொல்லி, திரும்பவும் மேலே வைத்துவிட்டார்.

அவர் அவசரப்பட்டுவிட்டார். முதலில் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, அது என்ன வலி என்பதைத்தான்.

இது என்ன வலி?

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. எலும்பு முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதனால்தான் மூட்டு உரசாமல் மடங்குகிறது. வயது ஏற ஏறக் குருத்தெலும்பு மெலிந்துபோகும். உடம்பு அதைச் சரிசெய்யப் பார்க்கும். அப்போது ஓரங்களில் எலும்பு வளர்ந்து முண்டு முண்டாக ஆகும். இதை மூட்டுத் தேய்மானம் என்கிறோம். கையில் இது விரல் நுனி மூட்டிலும் கட்டைவிரலின் அடி மூட்டிலும் அதிகம் வரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இன்னும் அதிகம். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம்.

இந்த வலி தொல்லைதான். ஆனால் கையை அளவோடு அசைப்பதால் இது கெட்டுப்போகாது. அசைக்காமல் வைத்திருந்தால்தான் விரல் இன்னும் விறைக்கும்.

இன்னொரு நோய் இருக்கிறது. அதன் பெயர் முடக்குவாதம். இது தேய்மானம் அல்ல. நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் ஒரு காவல் படை உண்டு. அந்தப் படை வழி தவறி நம் மூட்டுகளையே தாக்குகிறது. இது முப்பது, நாற்பது வயதிலும் வரும். பெரும்பாலும் இரண்டு கைகளிலும் சேர்ந்தே வரும். மணிக்கட்டும், விரல்கள் தொடங்கும் மூட்டுகளும் வீங்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. சரியாக ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். உடம்பு எப்போதும் அசதியாக இருக்கும்.

இப்படி இருந்தால் நாள் கடத்தக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தும் எக்ஸ்ரே பிடித்தும் பார்ப்பார்கள். தொடக்கத்திலேயே மருந்து சாப்பிட்டால் நோயை அடக்கி வைக்கலாம். விட்டுவிட்டால் விரல்கள் கோணிப்போகும். கோணிய விரல் மருந்தால் நேராகாது.

இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை டாக்டர் எழுதித் தருவது உண்டு. இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் சீட்டில் எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் தானாக வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

லெஸ் பால் என்ற கிடார்காரர்

அமெரிக்காவில் லெஸ் பால் என்று ஒருவர் இருந்தார். 1915-இல் பிறந்தவர். மின்சாரக் கிடாரை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். 1948-இல் அவருக்குக் கார் விபத்து நடந்தது. வலது முழங்கை நொறுங்கிப்போனது. இனி அந்தக் கையை மடக்கி நீட்ட முடியாது என்ற நிலை. கிடாரைப் பிடிக்கத் தோதாக, மடக்கிய நிலையிலேயே கையைப் பொருத்திவிடச் சொன்னார் அவர். டாக்டர்களும் அப்படியே செய்தார்கள்.

1960களில் அவர் மேடையை விட்டு ஒதுங்கினார். பிறகு மனம் கேட்கவில்லை. 1984 முதல் நியூயார்க் நகரில் ஒரு சிறிய அரங்கில் வாரா வாரம் திங்கட்கிழமை இரவு வாசிக்க ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 69. இரண்டு கைகளிலும் மூட்டு நோய். விரல்கள் பல மடங்க மறுத்தன. இளமையில் மின்னல் போல வாசித்தவர் அவர். அந்த வேகத்தை விட்டுவிட்டு, மடங்குகிற விரல்களுக்கு ஏற்றபடி வாசிப்பை மாற்றிக்கொண்டார். சுரங்கள் குறைந்தன. கேட்க வந்த கூட்டம் குறையவில்லை. 2009-இல் 94 வயதில் அவர் இறந்தார். அந்த ஆண்டிலும் மேடையில் வாசித்தார்.

கிடாரை மாற்றலாம்

கிடாரில் ஆறு கம்பிகள். வீணையில் மெட்டுகள் இருக்கும் அல்லவா? அதுபோலக் கிடாரின் கழுத்திலும் குறுக்கே உலோகக் கட்டைகள் உண்டு. அவற்றை ஃபிரெட் என்பார்கள். கம்பியை ஃபிரெட்டோடு அழுத்தினால்தான் சுரம் பிறக்கும். இந்த அழுத்தம்தான் வலிக்கிற மூட்டுக்கு எதிரி. அதைக் குறைக்கப் பல வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மெல்லிய கம்பி போடுவது. கடையில் 12 செட், 10 செட் என்று கேட்டால் தருவார்கள். 12 செட்டில் மிக மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன் இருக்கும். 10 செட்டில் அது ஆயிரத்தில் 10 பங்கு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு நன்றாகத் தெரியும்.

நைலான் கம்பிக் கிடார் இன்னும் மென்மை. ஆனால் அதன் கழுத்து அகலம். சிறிய கை உள்ளவர்களுக்கு விரல் எட்டுவது சிரமம். இன்னொன்று, நைலான் கிடாரில் இரும்புக் கம்பி கட்டக் கூடாது. இழுவை தாங்காமல் கட்டை பெயர்ந்துவிடும்.

சுருதியை இறக்கினாலும் கம்பி தளரும். ஒரு முழுச் சுரம் இறக்கினால் கம்பியின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாடுகிற தொண்டைக்கும் வயதாகியிருக்கும். அதனால் இறங்கிய சுருதி பாட்டுக்கும் தோதுதான்.

பழைய கிடாரில் கழுத்து வளைந்து, கம்பி ஃபிரெட்டை விட்டு உயரமாக நிற்கும். அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துபோகும். கொல்கத்தாவில் ரவீந்திர சரணி சாலையில் வரிசையாக இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கடைகளில் கம்பியைத் தாழ்த்தித் தருவார்கள். நம் ரயில்வேக்காரரின் கிடாருக்கு முதலில் தேவை இதுதான். அவர் கையை மட்டும் குறை சொல்லிவிட்டார்.

விரல் வைக்கும் இடமும் முக்கியம். ஃபிரெட்டுக்கு ஒட்டி வைத்தால் லேசான அழுத்தமே போதும். தள்ளி வைத்தால் பலமாக அழுத்த வேண்டும். ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்தும் முறை ஒன்று உண்டு. அதை விட்டுவிடலாம். மூன்று கம்பிகளை மட்டும் வாசித்தாலே பாட்டுக்குத் துணை வந்துவிடும்.

மடியில் வைத்து வாசிக்கும் கிடார்

விரல்களை மடக்கவே முடியவில்லையா? அதற்கும் ஒரு வழி உண்டு. ஹவாய்த் தீவுகளில் கிடாரை மடியில் படுக்க வைத்து வாசிப்பார்கள். கம்பியை அழுத்த மாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டைக் கம்பியின் மேல் வைத்து நகர்த்துவார்கள். ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார். அந்த வாசிப்பு வங்காளத்தில் வேர் பிடித்தது. வீட்டுப் பெண்கள் பலரும் கற்றார்கள். ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா இந்த முறையில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். சுரத்தை இழுத்து வாசிப்பது நம் ராகத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ஜெய்ப்பூரின் விஷ்வ மோகன் பட் இதே வழியில் மோகன வீணையை உருவாக்கினார். 1994-இல் அவர் கிராமி விருது பெற்றார்.

வீட்டில் இருக்கும் கிடாரையே இப்படி மாற்றலாம். கம்பிகளை உயர்த்தி வைக்க ஒரு சிறு துண்டைக் கடையில் பொருத்தித் தருவார்கள். ஆறு கம்பிகளையும் ப-ச-ப-ச-க-ப என்று சுருதி கூட்ட வேண்டும். இடது கையில் இரும்புத் துண்டு இருந்தால் போதும். கட்டைவிரல் அடியில் கடும் வலி உள்ளவருக்கு அதைப் பிடிப்பதும் கொஞ்சம் கஷ்டம்தான். அவர்கள் கனம் குறைந்த துண்டை வாங்கலாம்.

எவ்வளவு நேரம் வாசிப்பது?

வாசிக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். விரல்கள் இளகும். பிறகு ஐந்து நிமிடம் வாசியுங்கள். நிறுத்துங்கள். மறுபடி மாலையில் ஐந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட இது மேல். மூட்டு சிவந்து, சூடாக வீங்கியிருக்கும் நாளில் கிடாரைத் தொடவே வேண்டாம்.

தொடக்கத்தில் விரல் நுனித் தோல் எரியும். அது எல்லோருக்கும் வருவது. சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். மூட்டுக்குள் வரும் வலி வேறு. வாசித்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் மூட்டு வலித்தால், அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள். மறுநாள் ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.