வீட்டில் பழங்களைக் கெடாமல் வைத்திருத்தல்

வீட்டில் பழங்களைக் கெடாமல் வைத்திருத்தல் என்பது, வாங்கிய அல்லது பறித்த பழத்தின் சுவை, நீர்ச்சத்து, ஊட்டச்சத்து ஆகியவை உண்ணும் நாள்வரை குறையாதவாறு அதைப் பேணும் முறையாகும். எல்லாப் பழங்களுக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் பல வாரங்கள் நன்றாக இருக்கும் பழங்களும் உண்டு. அதே பெட்டியில் வைத்தால் சில நாட்களில் கறுத்துப்போகும் பழங்களும் உண்டு. பறித்த பின்னும் பழம் உயிருள்ள பொருளாகவே இருப்பதுதான் இதற்குக் காரணம். ஒவ்வொரு பழத்தின் தன்மையையும் அறிந்து வைத்தால் வீண் குறைவதோடு, கெட்ட பழத்தால் வரும் நோய்களையும் தவிர்க்கலாம்.

பறித்த பழத்தில் நடப்பவை

பழத்தின் உயிரணுக்கள் பறித்த பின்னும் சுவாசிக்கின்றன. அவை ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, பழத்தில் சேர்ந்துள்ள சர்க்கரையையும் அமிலங்களையும் செலவிட்டு, கார்பன் டை ஆக்சைடு, நீர், வெப்பம் ஆகியவற்றை வெளியிடுகின்றன. மரத்தில் இருக்கும்போது செலவானது மீண்டும் நிரம்பும். பறித்த பின் அவ்வாறு நிரம்ப வழியில்லை. எனவே வேகமாகச் சுவாசிக்கும் பழம் விரைவில் சுவை குன்றித் தளர்ந்துவிடும்.

வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. கோடையில் சமையலறையில் வைத்த பழம் மார்கழியில் வைத்ததைவிட விரைவாகக் கெடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அடுத்தது நீரிழப்பு. பெரும்பாலான பழங்களின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீர்தான். தோல் வழியாகவும் காம்பு வழியாகவும் நீர் ஆவியாகும்போது பழம் சுருங்குகிறது. மூன்றாவது காரணம் நுண்ணுயிர்கள். தோலில் ஏற்படும் கீறலும் நசுங்கலும் பூஞ்சைக்கு வாசலாகின்றன. ஆகவே பழங்களைக் குவித்து வைக்காமல் ஒற்றை அடுக்காகப் பரப்பி வைப்பதும், அடிபட்டதை முதலில் உண்பதும் நல்லது.

எத்திலீன் வாயு

பழங்கள் பழுப்பதைத் தூண்டுவது எத்திலீன் என்னும் வாயு. பழங்களே இதை மிகச் சிறிய அளவில் உருவாக்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகளுக்கான எரிவாயுக் குழாய்கள் கசிந்த இடங்களில் மரங்கள் இலை உதிர்த்தன. அந்த வாயுவிலிருந்த எத்திலீனே செடிகளின் வளர்ச்சியை மாற்றுகிறது என்பதை ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி நெல்யுபோவ் 1901-இல் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு காட்டினார். பழுக்கும் ஆப்பிளே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை 1934-இல் ரிச்சர்ட் கேன் என்னும் ஆங்கிலேயர் நிறுவினார்.

ஆப்பிள், பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழம், பழுத்த வாழை ஆகியவை எத்திலீனை மிகுதியாக வெளியிடுகின்றன. அருகில் உள்ள காய்களையும் கீரைகளையும் இது பாதிக்கும். ஆப்பிளோடு ஒரே தட்டில் வைத்த கீரை மஞ்சளாவதும், கேரட் கசப்பதும் இதனால்தான். அழுகத் தொடங்கிய பழமும் எத்திலீனை வெளியிடுவதால், அதை உடனே கூடையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பறித்த பின் பழுப்பவையும் பழுக்காதவையும்

பழங்களை வைக்கும் இடத்தை முடிவு செய்ய இந்தப் பாகுபாடு மிகவும் உதவும்.

பறித்த பின் பழுப்பவை: மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, சீத்தா, பலா, ஆப்பிள், தக்காளி. இவற்றுள் காயாக வாங்கியவற்றை வெளியில் வைத்துப் பழுக்கவிட வேண்டும்.

பறித்த பின் பழுக்காதவை: திராட்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி, ஸ்ட்ராபெரி, லிச்சி. இவை பறித்த அன்று இருந்த இனிப்பைவிட அதிகம் இனிக்கப்போவதில்லை. புளிக்கும் திராட்சையை எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பாகாது. எனவே இவற்றைப் பழுத்த நிலையில் வாங்கி, பெரும்பாலானவற்றை உடனே குளிரில் வைப்பது சரியானது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல்

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் இருக்கும். குளிர்நாடுகளில் தோன்றிய ஆப்பிளுக்கும், திராட்சைக்கும் இது ஏற்றது. வெப்பமண்டலப் பழங்கள் பலவற்றுக்கு இது தாங்க முடியாத குளிர். வாழைக்காயும் மாங்காயும் சுமார் 13 டிகிரிக்குக் கீழ் நீண்ட நேரம் இருந்தால் அவற்றின் உயிரணுச் சவ்வுகள் சேதமடைகின்றன. தோல் கறுக்கும், பள்ளங்கள் விழும். பின்னர் வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகப் பழுக்காது. இது குளிர்ச்சிச் சேதம் எனப்படும்.

நன்கு பழுத்த பிறகு இந்தப் பாதிப்பு குறைவு. ஆகவே வெப்பமண்டலப் பழங்களுக்கான பொது விதி: வெளியில் பழுக்க வேண்டும், பழுத்த பின் சில நாட்களுக்கு மட்டும் குளிரில் வைக்க வேண்டும்.

பழங்களைக் கழுவிய ஈரத்தோடு உள்ளே வைக்கக் கூடாது. ஈரம் பூஞ்சையை வளர்க்கும். உண்ணும் முன் ஓடும் நீரில் கழுவுவதே போதுமானது. சோப்பு, சலவைத்தூள் ஆகியவற்றால் பழங்களைக் கழுவக் கூடாது. திராட்சையின் மேல் காணப்படும் மெல்லிய வெண்படலத்தில் பெரும்பகுதி அப்பழத்தின் இயற்கை மெழுகு. அது நீரிழப்பைத் தடுக்கிறது.

பழவாரியாகச் சில குறிப்புகள்

வாழை: சீப்பாகத் தொங்கவிட்டால் அடிப்பழங்கள் நசுங்கா. ரஸ்தாளி பழுத்ததும் காம்பிலிருந்து உதிரும் தன்மை உடையது. அதைத் தட்டில் பரப்பி வைக்கலாம். பழுத்த வாழையைக் குளிரில் வைத்தால் தோல் கறுத்தாலும் உட்சதை சில நாட்கள் நன்றாகவே இருக்கும்.

மா: காயைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பழுத்த பின் குளிரில் நான்கைந்து நாட்கள் வைக்கலாம். தோலில் பரவும் கரும்புள்ளிகள் பெரும்பாலும் ஒருவகைப் பூஞ்சை நோயால் வருபவை; அத்தகைய பழங்களை முதலில் தனியே பிரித்துவிட வேண்டும்.

கொய்யா: வெளியில் இரண்டு மூன்று நாட்களே தாங்கும். அதன் மணம் பாலிலும் தயிரிலும் ஏறாதிருக்க மூடிய பாத்திரத்தில் வைத்துக் குளிரில் வைக்கலாம்.

பப்பாளி, சப்போட்டா: தொட்டால் மெத்தென்று ஆகும்வரை வெளியில் வைத்து, பின்னர் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குள் உண்ண வேண்டும்.

எலுமிச்சை: வெளியில் வைத்தால் தோல் காய்ந்து கெட்டியாகும். மூடிய பையிலோ புட்டியிலோ இட்டுக் குளிரில் வைத்தால் மூன்று வாரங்களுக்கு மேல் சாறு குறையாமல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதபோது தோலில் மெல்லிதாக எண்ணெய் தடவுவது நீரிழப்பைக் குறைக்கும்.

மாதுளை: தடித்த தோலால் வெளியிலும் பல நாட்கள் தாங்கும், குளிரில் பல வாரங்கள் இருக்கும்.

திராட்சை: காம்போடு, கழுவாமல், காற்றுத் துளையுள்ள பையில் குளிரில் வைக்க வேண்டும். உதிர்ந்தவற்றையும் வெடித்தவற்றையும் முன்னரே நீக்கிவிட வேண்டும்.

தர்பூசணி: முழுப்பழத்தை நிழலான இடத்தில் ஒரு வாரம் வரை வெளியில் வைக்கலாம். வெட்டிய பின் கட்டாயம் குளிரில் வைக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில்

நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வது இதனால்தான். இதே முறையில் பழங்களையும் குளிர்ச்சியாக வைக்கலாம். பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, மணலில் நீர் ஊற்றிவர வேண்டும். உள்பானையில் பழங்களை இட்டு ஈரத்துணியால் மூடி, காற்று வீசும் நிழலில் வைக்க வேண்டும். நைஜீரியாவைச் சேர்ந்த முகமது பா அப்பா என்னும் ஆசிரியர் 1990-களில் இந்த இரட்டைப் பானையை அந்நாட்டின் வடபகுதிக் கிராமங்களில் பரப்பினார். இதே அடிப்படையில், செங்கல்லும் மணலும் கொண்டு கட்டும் மின்சாரம் தேவைப்படாத குளிர் அறையைப் புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது.

இம்முறை வறண்ட காற்றுள்ள இடங்களில் நன்றாகப் பயன்படும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்துள்ள கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் நீர் எளிதில் ஆவியாகாது. ஆதலால் பயன் குறைவு. அத்தகைய இடங்களில் இரண்டு மூன்று நாட்களுக்குத் தேவையானதை மட்டும் வாங்குவதும், காயும் பழமுமாகக் கலந்து வாங்குவதும் சிக்கனமானது.

வீட்டில் பழுக்க வைத்தல்

அரிசிக்குள் புதைப்பது, வைக்கோலில் பொதிந்து வைப்பது ஆகியவை பழைய முறைகள். காய் வெளியிடும் எத்திலீனும் வெப்பமும் வெளியேறாமல் சூழ்ந்து நிற்பதால் அது விரைவாகப் பழுக்கிறது. வாழைத்தார்களை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போடும் முறையில், புகையிலுள்ள எத்திலீன் போன்ற வாயுக்கள் பழுக்கச் செய்கின்றன. வீட்டில் ஒரு காகிதப் பையில் மாங்காய்களோடு ஒரு பழுத்த வாழைப்பழத்தை இட்டு மடித்து வைத்தாலே போதும்.

வணிகத்தில் சிலர் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துகின்றனர். அது ஈரத்தில் பட்டு அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவை கலந்திருப்பதால் உடல்நலத்திற்குத் தீங்கு நேரும். இதைக் கொண்டு பழுக்க வைத்த பழங்களின் விற்பனையை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இந்தியாவில் தடை செய்துள்ளன. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுவரை பயன்படுத்த அனுமதி உண்டு. எத்திலீனைத் தரும் எத்திபான் என்னும் வேதிப்பொருளின் கரைசலில் பழங்களை நேரடியாக முக்குவதற்கு அனுமதி இல்லை. தோல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி, உள்ளே கெட்டியாகவும் மணமின்றியும் இருக்கும் மாம்பழம் ஐயத்திற்குரியது. எனினும் தோற்றத்தை மட்டும் கொண்டு கார்பைடை உறுதி செய்ய இயலாது. ஆய்வகச் சோதனை தேவை.

நறுக்கிய பழங்கள்

தோலே பழத்தின் காவல். நறுக்கியதும் அக்காவல் நீங்கி, சர்க்கரை நிறைந்த சாறு நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. எனவே நறுக்கிய பழத்தை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரமே பாதுகாப்பானது. மூடிய பாத்திரத்தில் குளிரில் வைத்தாலும் மூன்று நாட்களுக்குள் உண்டுவிடுவது நல்லது.

தோலை உண்ணாத பழத்தையும் வெட்டும் முன் கழுவ வேண்டும். தோலில் உள்ள கிருமிகளைக் கத்தி உள்ளே கொண்டுசெல்லும். தர்பூசணி, முலாம்பழம், பப்பாளி ஆகியவற்றில் புளிப்பு குறைவாதலால் கிருமிகள் எளிதில் பெருகும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து பல மாநிலங்களுக்குச் சென்ற முலாம்பழங்கள் வழியாக லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா பரவி 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தப் பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் நறுக்கி நெடுநேரமான பழங்களைத் தவிர்ப்பது அவசியம்.

நறுக்கிய ஆப்பிள் பழுப்பு நிறமாவது கிருமிகளால் அன்று. பழத்திலுள்ள நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நடத்தும் வேதிவினை அது. சிறிது எலுமிச்சைச் சாறு தடவினால் இது தாமதமாகும்.

பூஞ்சை பிடித்த பழங்கள்

பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மென்மையான, நீர் நிறைந்த பழங்களில் இது பாதுகாப்பானதன்று. கண்ணுக்குத் தெரியும் திட்டுக்கு அப்பாலும் பூஞ்சை இழைகள் பரவியிருக்கும். ஆப்பிளை அழுகச் செய்யும் ஒருவகைப் பெனிசிலியம் பூஞ்சை பாட்டுலின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. சாதாரணமாகக் காய்ச்சுவதால் இந்நச்சு முழுவதும் அழியாது. ஆப்பிள் சாற்றில் இதன் அளவு ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என இந்தியா உட்படப் பல நாடுகள் வரம்பு விதித்துள்ளன. ஆகவே பூஞ்சை பிடித்த பழத்தைச் சாறாகவோ ஜாமாகவோ ஆக்குவதும் தவறு.

அடிபட்டுக் கன்றிய பழம் இதிலிருந்து வேறுபட்டது. பூஞ்சையோ, புளித்த நாற்றமோ இல்லாதிருந்தால் கன்றிய பகுதியை நீக்கிவிட்டு அன்றே உண்ணலாம்.

மிகுந்த பழங்களைப் பயன்படுத்துதல்

ஒரே நேரத்தில் நிறையப் பழங்கள் பழுத்துவிட்டால், அவை கெடத் தொடங்கும் முன்னரே மாற்றுப் பயன்பாட்டைத் தொடங்க வேண்டும். மாம்பழச் சதையைக் கூழாக்கி உறைநிலைப் பகுதியில் வைத்தால் சில மாதங்கள் இருக்கும். வாழைப்பழத்தை வில்லைகளாக்கி வெயிலிலோ உலர்கலனிலோ காயவைக்கலாம். எலுமிச்சையை உப்பில் ஊறவைக்கலாம். கொய்யாவிலும் அன்னாசியிலும் ஜாம் செய்யலாம். உலர்த்துதல், உப்பிடுதல், சர்க்கரைப் பாகில் இடுதல் ஆகிய மூன்றும் நுண்ணுயிர்களுக்குத் தேவையான நீரைக் குறைத்தே பழத்தைக் காக்கின்றன. இவற்றுக்கு எடுக்கும் பழமும் நல்ல பழமாகவே இருக்க வேண்டும்.