ஒரே சிப், இரண்டு போன்: பாமன்கடை வீட்டுக்கு எது?

சாம்சங் கெலக்ஸி ஏ16, ரெட்மி நோட் 14 இரண்டின் 4ஜி மாதிரிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சந்தைக்கு வந்த அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகள். முதலாவது 2024இன் கடைசியில் வந்தது. இரண்டாவதை ஷியோமி நிறுவனம் 2025 ஜனவரியில் உலகச் சந்தைக்கு வெளியிட்டது. கொழும்பின் பாமன்கடையிலிருந்து போன் வாங்கப் புறப்படுபவர் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே காலி வீதிக்கு ஏறி வெள்ளவத்தைக் கடைகளைப் பார்க்கலாம். இன்னும் தூரம் போனால் பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசாவும் மெஜஸ்டிக் சிட்டியும் உண்டு, கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாசா உண்டு. எங்கே போனாலும் நடுத்தரச் செலவுக்குப் போன் கேட்டால் சாம்சங்கா ரெட்மியா என்ற கேள்விதான் முதலில் வரும். இந்த இரண்டு மாதிரிகளிலும் அதற்கு விடை காண்பது சற்றுக் கடினம். இரண்டின் உள்ளேயும் இருப்பது மீடியாடெக் நிறுவனத்தின் ஹீலியோ ஜி99 வகைச் சிப்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கெலக்ஸி ஏ16 என்ற பெயரில் 4ஜி, 5ஜி என இரண்டு போன்கள் விற்பனையாகின்றன. ரெட்மி நோட் 14இலும் அப்படியே. பெயர் ஒன்றானாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு. ரெட்மியில் கமராக்களும் வேறு. இணையத்தில் ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டுக் கடையில் மற்றதை வாங்கி வருவது எளிதில் நடக்கும் தவறு. ஏ16இன் பெட்டியில் மாதிரி எண் எஸ்எம்-ஏ165 என்று தொடங்கினால் அது 4ஜி. ஏ166 என்றால் 5ஜி. இங்கே ஒப்பிடப்படுவன 4ஜி மாதிரிகள் மட்டுமே.

ஹீலியோ ஜி99 2022இல் வந்த சிப். 6 நனோமீற்றர் முறையில் தயாரிக்கப்படுவது. எட்டு மையங்களில் இரண்டு வேகமானவை, ஆறு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுபவை. வட்ஸ்அப், யூடியூப், வங்கிச் செயலி, பிக்மீ, பிள்ளைகளின் சூம் வகுப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இது போதும். கனமான விளையாட்டுகளுக்குப் போதாது. ரெட்மியில் இருப்பதற்கு ‘அல்ட்ரா’ என்ற ஒட்டுப்பெயர் சேர்ந்திருக்கிறது. அன்றாடப் பாவனையில் அதனால் தெரியக்கூடிய வித்தியாசம் இல்லை. வேகத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வேகத்தில் உண்மையான வேறுபாட்டை உண்டாக்குவது ராம் நினைவகம். ஒரே போன் 4, 6, 8 ஜிபி என வெவ்வேறு அளவுகளில் விற்கப்படும்போது விலை குறைந்ததை எடுத்துவிட்டு, ஒரு வருடத்தில் போன் இழுபடுகிறது என்று வருந்துபவர்கள் பலர். ‘8+8 ஜிபி’ என்று சொல்லி விற்கும்போது பின்னால் வரும் 8 உண்மையான ராம் அல்ல. சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. வேகம் மிகக் குறைவு. எனவே முன்னால் இருக்கும் எண்ணை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், அது 6க்குக் குறையாமல் இருப்பது நல்லது. சேமிப்பகத்திலும் கவனம் தேவை. இரண்டு போன்களிலும் மெமரி கார்ட் போடலாம், ஆனால் இரண்டாவது சிம் இருக்கும் அதே இடத்தில்தான். டயலொக் ஒன்று, மொபிட்டல் அல்லது ஹட்ச் ஒன்று என இரண்டு சிம் வைத்திருப்பவருக்குக் கார்ட் போட இடமில்லை. அவர் 256 ஜிபி உள்ளதை எடுப்பதே சரி.

திரையில் ரெட்மிக்கு மேலோங்கிய இடம். அளவு ஏறத்தாழ சமம்: ஏ16இல் 6.7 அங்குலம், ரெட்மியில் 6.67. இரண்டும் அமோலெட் திரைகள். கறுப்பு கறுப்பாகவே தெரியும், நிறங்கள் எடுப்பாக இருக்கும். ஏ16 வினாடிக்கு 90 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது, ரெட்மி 120 தடவை. விரலால் பக்கத்தைத் தள்ளும்போது இரண்டாவது சற்று வழுக்கலாக ஓடும். அதைவிடப் பயனுள்ளது வெளிச்சம். ஏ16இன் திரை 800 நிட்ஸ் வரை பிரகாசிக்கும் என்கிறது சாம்சங். ரெட்மியின் உச்சம் 1800 நிட்ஸ் என்கிறது ஷியோமி. உச்ச அளவு திரையின் சிறு பகுதியில் சிறிது நேரத்துக்கே கிடைக்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், நண்பகலில் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்று செய்தி வாசிப்பவருக்கு ரெட்மியே தெளிவாகத் தெரியும்.

கமராவில் எண்கள் வாங்குபவரை மிகவும் ஏமாற்றும். ரெட்மியின் பிரதான கமரா 108 மெகாபிக்சல், ஏ16இன் கமரா 50. இரட்டிப்புத் தரம் என்று இதற்கு அர்த்தமில்லை. 108 மெகாபிக்சல் கமரா வழக்கமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. 50 மெகாபிக்சல் கமரா நான்கு புள்ளிகளைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. கையில் கிடைக்கும் படத்தின் அளவு ஒன்றுதான். நல்ல வெளிச்சத்தில் ரெட்மியின் படத்தைப் பெரிதாக்கி வெட்டினால் விவரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ரெட்மி நோட் 14 4ஜியில் அகலப்பார்வைக் கமரா இல்லை. பின்புறத்தில் இருக்கும் மற்ற இரண்டும் 2 மெகாபிக்சல் துணைக் கமராக்கள். எண்ணிக்கைக்கு மட்டுமே உதவுபவை. ஏ16இல் 5 மெகாபிக்சல் அகலப்பார்வைக் கமரா இருக்கிறது. தரம் சாதாரணமானதுதான் என்றாலும், ஆடிவேல் தேர் வரும்போது கூட்டத்தோடு சேர்த்து எடுக்கவும், சின்ன மாடிவீட்டு வரவேற்பறையில் பிறந்தநாளுக்குக் கூடிய எல்லோரையும் ஒரே படத்தில் அடக்கவும் அது வேண்டும். முன்கமரா ரெட்மியில் 20, ஏ16இல் 13 மெகாபிக்சல். ரொரன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளோடு வட்ஸ்அப் காணொளி அழைப்பில் பேசுவதே முக்கிய வேலை என்றால் இந்த வித்தியாசம் பொருட்டல்ல. செயலி படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

பற்றரி, சார்ஜ் விடயத்தில் ரெட்மி தெளிவாக முன்னே நிற்கிறது: 5500 மில்லி அம்பியர் மணி, 33 வாட். ஏ16இல் 5000, 25 வாட். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட, 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில் பத்து வீதம் கூடுதலான பற்றரி அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. ஏ16இன் பெட்டியில் சார்ஜர் வராது, வயர் மட்டுமே. பழைய சார்ஜரில் போட்டால் மெதுவாக ஏறும். நல்ல 25 வாட் சார்ஜரைத் தனியாக வாங்கும் செலவையும் ஏ16இன் விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். நடைபாதையில் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ சார்ஜர்கள் பற்றரியின் ஆயுளைக் கெடுக்கும். காதில் வயர் இயர்போன் போட்டுப் பழகியவருக்கு இன்னொரு செய்தி: ரெட்மியில் அதற்கான 3.5 மில்லிமீற்றர் துளை உண்டு, ஏ16இல் இல்லை.

இரண்டுக்கும் ஐபி54 தரச்சான்று இருக்கிறது. தூசிக்கும் தெறிக்கும் நீருக்கும் தாங்கும், மூழ்கினால் தாங்காது என்பது இதன் பொருள். திடீர் மழையில் ஓட்டோவுக்கு ஓடும் நேரத்துக்கு இது போதும். ஆனால் இந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. வெள்ளவத்தைக் கடற்கரையின் உப்பு நீருக்கும் உப்புக் காற்றுக்கும் இது உத்தரவாதம் அல்ல. சார்ஜ் துளையில் உப்பும் ஈரமும் சேர்ந்து களிம்பு பிடிப்பது கடலோர வீடுகளில் சகஜம்.

விரல் அடையாளம் சின்ன விடயமாகத் தோன்றும். திருத்தும் நாளில் அது பெரிதாகிவிடும். ஏ16இல் அது பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கிறது. ரெட்மியில் திரைக்கு அடியில் இருக்கிறது. திரையின் ஒளியைப் பயன்படுத்தியே விரலைப் படம் பிடிக்கிறது. திரை உடைந்தால் கடையில் இரண்டு விலை சொல்வார்கள், அசல் அமோலெட் ஒன்று, மலிவான எல்சிடி ‘கொப்பி’ ஒன்று. எல்சிடி போட்டால் ஒளி ஊடுருவாது, விரல் அடையாளம் வேலை செய்யாது. ஏ16இல் எந்தத் திரை போட்டாலும் பொத்தான் பொத்தானாகவே இருக்கும். கைதவறிப் போடும் பழக்கமுள்ளவரும், தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்ட விரும்புபவரும் இதை மனதில் வைப்பது நல்லது.

இதுவரை பார்த்தவை எல்லாம் வாங்கும் நாளில் கண்ணுக்குத் தெரிபவை. போன் எத்தனை வருடம் பாவனைக்கு உதவும் என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள் புதுப்பிப்பு. அன்ட்ரொய்டில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்களை கூகிள் வெளியிடுகிறது. அவை சிப் தயாரிப்பாளர், போன் தயாரிப்பாளர் என்று கைமாறித்தான் வாங்கியவரின் போனுக்கு வந்து சேரும். தயாரிப்பாளர் நிறுத்திவிட்டால், போன் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்பு நின்றுவிடும். வங்கிக் கணக்கும் லங்காகியூஆர் கட்டணமும் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

ஏ16க்கு ஆறு அன்ட்ரொய்ட் பதிப்புகளையும் ஆறு வருடப் பாதுகாப்புத் திருத்தங்களையும் தருவதாகச் சாம்சங் வாக்களித்திருக்கிறது. அன்ட்ரொய்ட் 14இல் தொடங்கிய போன், கணக்குப்படி 20 வரை போக வேண்டும். இந்த விலை வகுப்பில் இது அசாதாரணமான வாக்குறுதி. ரெட்மி நோட் 14 4ஜிக்கு இவ்வளவு நீண்ட பதிப்பு உயர்வு இல்லை. ஆனாலும் 2022இன் சிப், அதுவும் 4 ஜிபி ராமோடு, 2030இல் புதிய பதிப்பை எப்படிச் சுமக்கும் என்பது நியாயமான சந்தேகம். புதிய பதிப்புகளைவிட ஆறு வருடப் பாதுகாப்புத் திருத்தமே இதில் பெறுமதியான பகுதி. ரெட்மியின் ஹைப்பர்ஓஎஸ் மென்பொருளில் கம்பனியின் சொந்தச் செயலிகளுக்குள் விளம்பரங்கள் வரும். அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக நிறுத்தலாம், ஆனால் வயதானவருக்கு வாங்கிக் கொடுப்பவர் அந்த வேலையை முன்கூட்டியே தானே செய்து கொடுக்க வேண்டும். சாம்சங்கிலும் கேட்காமல் ஏற்றிவிட்ட செயலிகள் உண்டு, தொல்லை குறைவு.

கொழும்பில் வாங்குபவருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரே மாதிரி போன் ஒரே வீதியில் இரண்டு விலையில் விற்கப்படுவது ‘கம்பனி வாரண்டி’, ‘ஷொப் வாரண்டி’ என்ற வேறுபாட்டால். முதலாவதில் அதிகாரபூர்வ முகவரின் சேவை நிலையம் பொறுப்பேற்கும். இரண்டாவதில் அந்தக் கடை மட்டுமே பொறுப்பு. கடை மூடினால் வாரண்டியும் போயிற்று. 2024 ஜனவரி 1 முதல் கைத்தொலைபேசிகளுக்கு இருந்த வற் விலக்கு நீக்கப்பட்டு 18 வீத வரி வந்த பிறகு, வரி கட்டாமல் வந்த போனுக்கும் கட்டி வந்த போனுக்கும் இடையிலான விலை இடைவெளி ஆசைகாட்டும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

அந்த ஆசைக்கு இப்போது ஒரு தடை உண்டு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெறாத புதிய போன்கள் 2025 ஜனவரி 28க்குப் பிறகு உள்ளூர் வலையமைப்புகளில் இயங்கா என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை. ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ எனும் 15 இலக்க அடையாள எண் உண்டு. *#06# அழுத்தினால் திரையில் வரும், பெட்டியிலும் அச்சிட்டிருக்கும். ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் அடுத்து அந்த எண்ணையும் அடித்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், போன் பதிவானதா இல்லையா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன்னே கடையிலேயே இதைச் செய்துவிடலாம்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தரும் போன்களுக்கும் இந்த விதி முக்கியம். வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு அன்பளிப்பாக வரும் போன்கள் குறைவல்ல. இவற்றை உள்ளூர் சிம்மில் பாவிக்கும் முன் ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். சில சாம்சங் போன்களில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. விற்கப்பட்ட பிராந்தியத்தின் சிம் போட்டு முதலில் ஐந்து நிமிடமாவது பேசியிருந்தால்தான் மற்ற நாட்டுச் சிம்மை ஏற்கும். பெட்டியில் ஒட்டிய சிறு தாளில் இது எழுதியிருக்கும். கொண்டுவருபவரிடம் புறப்படும் முன்பே சொல்லிவைத்தால் அலைச்சல் மிச்சம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஏ16 நீண்ட நாள் வைத்திருப்பவருக்கான போன். ஐந்து ஆறு வருடத்துக்கு மாற்றாத பெற்றோருக்கும், வங்கி வேலைகளைப் போனிலேயே செய்பவருக்கும் 6 அல்லது 8 ஜிபி ஏ16ஐக் கம்பனி வாரண்டியோடு எடுப்பதே நல்லது. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடும் மாணவருக்கும், நாள் முழுவதும் வெளியில் அலைபவருக்கும், படம் பார்ப்பவருக்கும் ரெட்மி கூடுதலாகத் தரும்: பிரகாசமான திரை, பெரிய பற்றரி, இரட்டை ஒலிபெருக்கி, பெட்டியிலேயே சார்ஜர். கம்பனி வாரண்டி உள்ள ரெட்மியும் ஷொப் வாரண்டி மட்டுமுள்ள ஏ16உம் ஒரே விலைக்குக் கிடைத்தால், தயக்கமின்றி ரெட்மியை எடுக்க வேண்டும்.

சில கடைகளில் காசுக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை; தவணைக்கு இன்னொன்று. மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். பற்றுச்சீட்டில் மாதிரிப் பெயர், ராம் அளவு, ஐஎம்இஐ எண், வாரண்டியின் வகையும் காலமும் எழுதியிருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. மறுத்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.