டயர் பஞ்சரானால் மனசும் பஞ்சராகணுமா?

விடியற்காலை நாலரை மணி. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் டிபன் பாக்ஸும் கையுமாக நிற்கிறார்கள். அதே நேரம் சி.டி.எச். ரோடு ஓரமாக, தலையில் ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு சகிதம் ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறார். ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ வேலைக்குப் போகிறார் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் திருவள்ளூரைத் தாண்டிப் போய்விட்டு, எட்டு மணிக்குள் வீடு திரும்பிக் குளித்துவிட்டு அப்புறம்தான் வேலைக்கே போவார்!

டிரையத்லான் என்கிற போட்டியின் ஆசை இப்போது கம்பெனி வேலை பார்க்கிறவர்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இதில் நீண்ட தூரப் போட்டிக்கு 'அயர்ன்மேன்' என்று பெயர். தூரத்தைக் கேளுங்கள்: நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180 கிலோமீட்டர், ஓட்டம் 42.2 கிலோமீட்டர். பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால்தான் புரியும். சென்னையிலிருந்து திருப்பதிக்கு ரோடு வழியாக ஏறக்குறைய 135 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் 45 கிலோமீட்டர் மிதிக்கணும். இறங்கினதும் ஓட வேண்டிய தூரம், சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் ரயில் பாதை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு! மலைப்பாக இருக்கிறதா? இதில் சரிபாதி தூரம் உள்ள போட்டியும் உண்டு. கோவாவில் 2019-ல் முதல் தடவை நடந்தது அந்த அரைத் தூரப் போட்டிதான். நம்மவர்கள் பலர் குறி வைப்பதும் அதற்குத்தான்.

"அதெல்லாம் சினிமாக்காரங்களுக்கு சார்" என்று சொல்லாதீர்கள். நடிகர் மிலிந்த் சோமன் 2015-ல் ஐம்பதை எட்டும் வயதில் சூரிச்சில் முழு அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தது உண்மைதான். ஆனால் மெடோனா பூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரீ 2012-ல் தன் 82-வது வயதில் முடித்தாரே, அதற்கு என்ன சொல்வீர்கள்? அவர் ஓட ஆரம்பித்ததே நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான். கெடு நேரத்துக்குள் முடிக்க முடியாமல் போன போட்டிகளும் அவருக்கு உண்டு. அடுத்த வருஷம் திரும்ப வந்து வரிசையில் நின்றுவிடுவார்.

நான் சொல்ல வந்த விஷயமே அதுதான். இந்தப் போட்டியில் ஏதாவது ஒன்று கண்டிப்பாகத் தப்பாகப் போகும். பத்துப் பதினைந்து மணி நேரம் கடல், ரோடு, வெயில், வயிறு, டியூப், செயின் என்று அத்தனையும் ஒழுங்காக இருக்குமா என்ன? கல்யாண வீட்டிலேயே ஒரு நாளில் எத்தனை குளறுபடி நடக்கிறது!

1978-ல் ஹவாயில் நடந்த முதல் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 15 பேர்; முடித்தவர்கள் 12 பேர். ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பாருக்கு, கூட வந்த உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்தார்களாம்! கடைசியில் ஜெயித்தது கோர்டன் ஹாலர். ஆரம்பமே அப்படி.

அதே ஹவாயில் மார்க் ஆலன் என்ற அமெரிக்க வீரரின் கதையைக் கேளுங்கள். 1982-ல் முதல் முறை வந்தார்; சைக்கிளில் கியர் மாற்றுகிற பாகம் உடைந்து வெளியேறினார். 1984-ல் சைக்கிளில் எல்லோரையும் முந்திப் போய், ஓட்டத்தில் துவண்டு ஐந்தாவது இடம். 1987-ல் முன்னணியில் இருந்தவர் உடம்பு கெட்டு இரண்டாவதாக முடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். 1988-ல் பஞ்சர். இப்படி ஆறு தடவை அந்தத் தீவில் தோற்றவர், 1989-ல் டேவ் ஸ்காட்டை வெறும் 58 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதையும் சேர்த்து மொத்தம் ஆறு முறை அங்கே சாம்பியன். ஆறு தோல்வி, ஆறு வெற்றி. கணக்கு நேராகிவிட்டது பாருங்கள்!

உடனே "விடாமுயற்சி வேணும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஆலனுக்கு வந்த சிக்கல்களில் கியர் உடைந்ததும் பஞ்சரும் ஒரு ஜாதி. ஆஸ்பத்திரி வேறு ஜாதி. இந்த இரண்டையும் ஒரே தராசில் போடுவதில்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். பஞ்சருக்கு அழுவார்கள், நெஞ்சு வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள்!

சைக்கிளுக்கும் கடிகாரத்துக்கும் வருகிற சிக்கல் எத்தனை பெரிதாகத் தெரிந்தாலும் சின்னதுதான். 2008-ல் ஹவாயில் கிரிஸ்ஸி வெலிங்டன் என்ற பெண்ணுக்கு நடு ரோட்டில் டயர் போனது. கையில் இருந்த காற்றுக் குப்பிகள் வீணாகி ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். கடந்துபோன இன்னொரு போட்டியாளர் ரெபெக்கா கீட் தன்னிடமிருந்த குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். பல நிமிடங்களை இழந்த பிறகும் அந்த வருஷம் ஜெயித்தது வெலிங்டன்தான். நின்ற நேரத்தைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று வெறி பிடித்தாற்போல மிதித்திருந்தால் ஓட்டத்தில் கால் பின்னியிருக்கும். ஆகவே டியூப் மாற்ற வீட்டிலேயே பத்துத் தடவை பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மாற்றத் தெரிந்தவருக்குப் பஞ்சர் என்பது பத்து நிமிட வேலை. தெரியாதவருக்கு அன்றைக்குப் போட்டியே அவ்வளவுதான்.

இப்போது உடம்புக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் தண்ணீர். கிணற்றில் நீச்சல் கற்றவர்கள் நம் பக்கம் நிறைய. ஆனால் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கையும் காலும் அடித்துக்கொண்டு போகிற கடல் வேறு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நடந்த மரணங்களையும் மாரடைப்புகளையும் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 135, அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். எனவே நாற்பதைத் தொட்டவர்கள், சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயசிலேயே ஹார்ட் அட்டாக் வந்திருந்தால் அவர்களும், பயிற்சிக்கு முன்னால் டாக்டரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தண்ணீரில் மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்துக் கையைத் தூக்குங்கள். காவல் படகு வரும். அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். படகோடு சேர்ந்து முன்னால் நகராத வரைக்கும் விதியில் அதற்கு இடம் உண்டு. இது தெரியாமல், "படகைத் தொட்டா அவுட்" என்று நினைத்துத் தத்தளிக்கிறார்களே, அதுதான் ஆபத்து. இன்னொன்று: பூண்டி ஏரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று பயிற்சிக்கு இறங்கிவிடாதீர்கள். அது குடிதண்ணீர் நீர்த்தேக்கம், காப்பாற்றவும் ஆள் இருக்காது. ரயிலேறிப் போனாலும் பரவாயில்லை, பயிற்சியாளர் இருக்கிற குளத்துக்கே போங்கள்.

அடுத்தது, குடிக்கிற தண்ணீர். "நிறைய தண்ணி குடிப்பா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல புத்திமதிதான், ஆனால் இந்தப் போட்டியில் அளவு மீறினால் விஷம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவிகிதம் பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம். அதாவது, வியர்த்ததைவிடக் குடித்தது ஜாஸ்தி! தலைவலி, குமட்டல், கை விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, அப்புறம் பேச்சுக் குழறுவது என்று போகும். முற்றினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள். பயிற்சி நாளில் கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும், கூடவே கூடாது. உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று பயிற்சியிலேயே பார்த்துவிடுங்கள். போட்டியன்று புதுச் சரக்கு வேண்டாம்.

மூன்றாவது, வெயில். நம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. சம்பந்தமில்லாமல் பேசுவது, தள்ளாடுவது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழிப்பது எல்லாம் சூடு தலைக்கேறியதன் அடையாளம். பக்கத்தில் ஓடுகிறவர் அப்படி இருந்தால் உங்கள் போட்டியை விட்டுவிட்டு அவரை நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்து, ஆளைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நீர்ச்சத்து குறைந்த உடம்பில் அது கிட்னியைப் பதம் பார்க்கும்.

1982-ல் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, ஹவாயில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால் சுருண்டு விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். ஜூலி கையால் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். டி.வி.யில் அதைப் பார்த்துத்தான் உலகமே இந்தப் போட்டியைத் திரும்பிப் பார்த்தது. வீரக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கென்னவோ அந்தக் காட்சியை நினைத்தால் கைதட்டத் தோன்றாது, வயிறுதான் கலங்கும். அவருக்கு வயசு 23, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நமக்கு மறுநாள் காலை ஷிப்ட் இருக்கிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், குழப்பம், நிற்காத வாந்தி, கறுத்த சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். கெண்டைக்கால் பிடிப்பு, கொப்புளம், சலிப்பு, "எதுக்குடா இந்த வம்பு" என்கிற நினைப்பு இதெல்லாம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள், நடங்கள், ஒரு வாய் சாப்பிடுங்கள். பாதிப் பேருக்கு இந்த நினைப்பே பசியால் வருகிறது!

பயிற்சிக் காலத்துத் தடங்கலுக்கும் இதே கணக்குத்தான். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது காய்ச்சல் வந்துவிட்டது. "ஆறு மாச உழைப்பு போச்சே" என்று காய்ச்சலோடு ஓடுகிறவர்கள் உண்டு. வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கும் ஆபத்து இருக்கிறது. பத்து நாள் படுத்தால் ஆறு மாசப் பயிற்சி கரைந்துவிடாது. நைட் ஷிப்ட் முடிந்த காலையில் நீண்ட தூரம் சைக்கிள் எடுக்காதீர்கள். தூக்கக் கண்ணோடு கனரக லாரிகளுக்கு நடுவில் போவது பயிற்சியில்லை, விபரீதம்.

நம்ம குற்றாலீஸ்வரனை மறந்திருக்க மாட்டீர்கள். 1994-ல், பதின்மூன்று வயதை எட்டும் பையன், ஒரே வருஷத்தில் ஆறு கடல் கால்வாய்களை நீந்திக் கடந்தான். அர்ஜுனா விருதும் வந்தது. பணம் போட ஆள் வராததால் நீச்சலை விட வேண்டி வந்தது. தமிழ்நாடே வருத்தப்பட்டது. அவர் இன்ஜினீயரிங் படித்து அமெரிக்கா போய் வேலையில் அமர்ந்தார். ஆறு கால்வாய் கடந்தது இல்லையென்று ஆகிவிட்டதா?

வீட்டுக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. போட்டிக் கட்டணம், சைக்கிள், ஷூ, பயணம் என்று பல்லாயிரம் ரூபாய் போகும். "என்னங்க, பையன் பீஸ் கட்டணும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிற மனைவி எதிரி இல்லை. வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால், பாதியில் விலகி வரும் நாளில் "அத்தனை காசும் தண்டம்" என்ற சண்டை வராது. முடிக்காமல் வந்தவரிடம் அன்றைக்கே "ஏன் நிறுத்தினே?" என்று கேட்காதீர்கள் அம்மா. ரசம் சாதம் போட்டுத் தூங்க விடுங்கள்.

தூங்கி எழுந்த மறுநாள், நோட்டில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன், எவ்வளவு குடித்தேன், எந்த இடத்தில் தடுமாறினேன், எது என் கையில் இருந்தது, எது இல்லை. அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். ஒரு வாரம் சும்மா நடை போதும். சிறுநீர் கறுத்தே இருந்தாலோ, படியேறும்போது நெஞ்சு படபடத்தாலோ வாரம் முடியக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.