ராணுவ முகாமும் ஒரு மரங்கொத்தியும்... வைகை அணைக்கு என்ன பாடம்?

‘இன்னைக்கு வைகை அணை எத்தனை அடி?’

மழைக்காலம் வந்துவிட்டால் தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டத்து மக்களின் வாயில் அடிக்கடி வரும் கேள்வி இது. 66 அடியைத் தொட்டால் முதல்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. 67 அடியைத் தாண்டினால்தான் உசிலம்பட்டிப் பக்கம் போகும் 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர். 71 அடியானால் அணை நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால், இந்த அடிக்கணக்கு ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. தண்ணீருக்கு அடியில் எவ்வளவு மண் கிடக்கிறது என்பதுதான் அது.

1959 ஜனவரியில் காமராஜர் ஆட்சியில் திறக்கப்பட்ட அணை இது. அதன் கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி என்பது கணக்கு. அதன்பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளமும் தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ‘அணையைத் தூர்வார வேண்டும்’ என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால், மலையிலிருந்து மண் வந்துகொண்டே இருந்தால் தூர்வாரிய குழி எத்தனை வருஷம் தாங்கும்?

இங்கேதான் சிக்கல். அணை, நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. அணைக்குள் வரும் மண், அந்தத் துறையின் கையில் இல்லாத மலைகளிலிருந்து வருகிறது. தன் வேலிக்கு வெளியே இருக்கும் நிலம்தான் தன் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்ற இதே பிரச்னை, உலகின் மிகப்பெரிய ராணுவ முகாம்களில் ஒன்றுக்கும் வந்தது. அங்கே அதைத் தீர்த்த விதம் வைகைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பயிற்சியைத் தடுத்த பறவை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறது ஃபோர்ட் பிராக் ராணுவ முகாம். பாராசூட் படையினருக்குப் பேர்போன இடம். அந்த மணற்பாங்கான பூமியில் நெட்டிலைப் பைன் மரங்கள் உண்டு. வயதான, உயிருள்ள பைன் மரத்தை வருஷக்கணக்கில் குடைந்து கூடு அமைக்கும் ஒரு சிறிய மரங்கொத்தி அங்கே வாழ்கிறது. காடுகள் அழிந்ததால் அந்தப் பறவையும் அருகிப்போய், 1970-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்ந்தது.

முகாமைச் சுற்றியிருந்த தனியார் நிலங்களில் பைன் மரங்கள் வெட்டப்பட்டு வீடுகள் முளைத்தன. பறவைக்கு மிச்சமிருந்த நல்ல காடு முகாமுக்குள்தான். விளைவு, பறவையைக் காக்கும் பாரம் முழுவதும் ராணுவத்தின் தலையில் விழுந்தது. கூடு இருக்கும் மரங்களுக்கு வெள்ளை வண்ணத்தில் பட்டை அடித்து அடையாளம் வைத்தார்கள். அவற்றைச் சுற்றிப் படையினர் முகாமிடக் கூடாது, பள்ளம் தோண்டக் கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில், பயிற்சிக்காகவே இருக்கும் முகாமில் பயிற்சிக்கு இடம் சுருங்கியது.

வெளியே இருந்த நில உரிமையாளர்களுக்கோ வேறு பயம். ‘நம் தோட்டத்து மரத்தில் இந்தப் பறவை வந்து கூடு கட்டிவிட்டால், அப்புறம் நம் மரத்தையே நாம் தொட முடியாது’ என்று நினைத்தார்கள். மரம் முதிர்வதற்கு முன்பே வெட்டி விற்றவர்களும் உண்டு. பறவையைக் காக்க வந்த சட்டமே, பறவைக்கு வீடாக வேண்டிய மரத்துக்கு எமனானது.

பயத்தைப் போக்கிய ஒப்பந்தம்

1995-ல் இரண்டு முக்கியமான மாற்றங்கள் நடந்தன.

முதலாவது, நில உரிமையாளர்களுக்கு அரசு கொடுத்த உறுதிமொழி. ‘இன்று உங்கள் நிலத்தில் எத்தனை பறவை இருக்கிறதோ, அதற்கு மட்டும்தான் உங்களுக்குப் பொறுப்பு. நீங்கள் மரம் வளர்த்து, அதனால் புதிதாகப் பறவைகள் வந்தால், அதைக் காட்டி உங்கள் மேல் புதுக் கட்டுப்பாடு போட மாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்தது. அந்த நாட்டில் இத்தகைய ஒப்பந்தம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது இந்த வட்டாரத்தில்தான்.

இரண்டாவது, ராணுவமும் ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் கைகோத்தன. முகாமை ஒட்டிய நிலங்களைக் காக்கப் பணம் ஒதுக்கப்பட்டது. விற்க விரும்பியவரிடம் நிலத்தையே வாங்கினார்கள். விரும்பாதவரிடம், ‘நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், விவசாயம் செய்யுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் எங்களுக்கு விற்றுவிடுங்கள்’ என்று பேசினார்கள். யாரையும் வெளியேற்றவில்லை.

ராணுவம், வனத்துறை, மாநில அரசு, தொண்டு அமைப்புகள் என எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அங்கே நிர்ணயித்த பறவை எண்ணிக்கை இலக்கு, எதிர்பார்த்ததற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக 2006-லேயே எட்டப்பட்டது. முகாமுக்குள் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இந்த வழி பலன் தருவதைப் பார்த்து, மற்ற முகாம்களும் இதைப் பின்பற்ற 2002-ன் கடைசியில் சட்டமே கொண்டுவந்தார்கள். 2024-ல் அந்த மரங்கொத்தி, ‘அழியும் ஆபத்து’ பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கப்பட்டது.

ராணுவத்துக்குப் பறவைமேல் திடீர்க் காதல் வந்துவிடவில்லை. வெளியே இருக்கும் காடு செழித்தால்தான் உள்ளே தன் வேலை நடக்கும் என்று புரிந்துகொண்டது. அதற்கான செலவில் தானும் பங்கெடுத்தது. அவ்வளவுதான்.

மண்வெட்டி பிடித்த பட்டாளம்

நம் நாட்டிலும் ராணுவமும் மண்ணும் சேர்ந்த ஒரு கதை உண்டு. 1982 டிசம்பரில் பிரதேச ராணுவத்தில் ஒரு சுற்றுச்சூழல் பட்டாலியன் உருவாக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் குவாரிகளால் மொட்டையாகிப்போன முசோரி மலைகளில் மரம் நடுவது அதன் பணி. ஓய்வுபெற்ற ராணுவ வீரர்கள் அதில் சேர்ந்தார்கள். கட்டுப்பாடு ராணுவத்தினுடையது. கன்றும் தொழில்நுட்பமும் வனத்துறையினுடையது. செலவு அரசின் சுற்றுச்சூழல் கணக்கில். மூன்று கைகள் சேர்ந்த கூட்டு அது.

1983-ல் ராஜஸ்தானில் அடுத்த பட்டாலியன் உருவானது. இந்திரா காந்தி கால்வாயைப் பாலைவன மணல் மூடிவிடாமல் கரை நெடுக மரம் வளர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. கால்வாயை மூட வரும் மணலை, கால்வாய்க்கு வெளியிலேயே தடுத்து நிறுத்துவதுதான் யோசனை. அணையை நிரப்ப வரும் மண்ணுக்கும் அதே நியாயம்தான்.

வைகையைவிட ஒரு வயது மூத்த ஏரி

மரம் நட்டால் மட்டும் போதுமா? அந்த மரத்தை அடுத்த வருஷம் ஆடு மேயாமல் பார்த்துக்கொள்வது யார்? இதற்கான பதில் சண்டிகரில் இருக்கிறது.

சண்டிகரின் சுக்னா ஏரி 1958-ல் உருவாக்கப்பட்டது. வைகை அணையைவிட ஒரு வயது மூத்தது. 20 ஆண்டுகள்கூட ஆகவில்லை, ஏரியின் பெரும்பகுதியை மண் நிரப்பிவிட்டது. தூர்வாரிப் பார்த்தும் பலன் இல்லை. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனார் மண்வளப் பாதுகாப்பு விஞ்ஞானி பி.ஆர்.மிஸ்ரா. ராணுவத்தின் மேற்குப் பிராந்தியத் தலைமையகமான சண்டிமந்திர் இருக்கும் அதே சிவாலிக் அடிவாரத்தில், சுகோமாஜ்ரி என்ற ஏழைக் கிராமம். அதன் ஆடு மாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய குன்றுகளிலிருந்துதான் மண் வந்துகொண்டிருந்தது.

‘மேய்க்காதே’ என்று உத்தரவு போட்டிருக்கலாம். மிஸ்ரா வேறு வழியில் போனார். 1976-ல் கிராமத்துக்கு ஒரு சிறிய மண் அணை கட்டப்பட்டது. முதலில் அந்தத் தண்ணீர் நிலம் வைத்திருந்த சிலருக்கே பயன்பட்டது. மற்றவர்கள், ‘எங்களுக்கு என்ன லாபம், நாங்கள் ஏன் மேய்ச்சலை நிறுத்த வேண்டும்?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிறகு, நிலமே இல்லாத வீட்டுக்கும் தண்ணீரில் சம பங்கு என்று முடிவானது. அதன்பின் குன்றுக்குக் கிராமமே காவல் நின்றது. ஆடுகள் குறைந்து, கட்டிவைத்து வளர்க்கும் எருமைகள் கூடின. புல் வளர்ந்தது. ஏரிக்கு வரும் மண் வெகுவாகக் குறைந்தது.

பின்னாளில் வருமானப் பங்கீட்டில் வனத்துறையோடு உரசல் வந்து, அந்தச் சங்கம் பழைய வேகத்தை இழந்ததும் உண்மை. கூட்டு வைப்பதைவிடக் கூட்டைக் காப்பது கஷ்டம் என்பதற்கும் சுகோமாஜ்ரியே சாட்சி.

வருசநாட்டில் யார் யார்?

இப்போது வைகைக்கு வருவோம். மூல வைகை, வருசநாட்டு மலைகளில் பிறந்து கடமலைக்குண்டு வழியாக வருகிறது. இன்னொரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேர்கிறது. ஆண்டிபட்டிக்கு அருகில் அணை. அங்கிருந்து ஐந்து மாவட்டங்களுக்குப் பாசனம், மதுரை நகரத்துக்குக் குடிநீர்.

மேலே, மலையில் நிலைமை சிக்கலானது. 2021 பிப்ரவரியில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் மேகமலை சரணாலயமும் சேர்ந்து இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. அந்த மலைகளில் காலங்காலமாக வாழும் பளியர் மக்கள் இருக்கிறார்கள். தலைமுறைகளுக்கு முன் குடியேறி இலவம், கொட்டைமுந்திரி, காய்கறி என்று பயிர் செய்யும் விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பட்டா உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்களும் உண்டு.

‘காட்டை ஆக்கிரமித்து அழித்ததால்தான் வைகை வறண்டது’ என்பது கீழே இருப்பவர்களின் குற்றச்சாட்டு. ‘இத்தனை வருஷம் உழைத்த மண்ணைவிட்டு எங்கே போவது?’ என்பது மேலே இருப்பவர்களின் கேள்வி. ஆக்கிரமிப்பு வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கின்றன. புலிகளின் மையப் பகுதிக்குள் புதிதாகக் காட்டை வெட்டுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதேநேரம், விளிம்பில் பயிர் செய்கிறவரை எதிரியாகவே வைத்துக்கொண்டு ஒரு மலையைக் காக்கவும் முடியாது.

ஏற்கெனவே ஒருமுறை இந்த வட்டாரம் அந்த வலியைப் பார்த்திருக்கிறது. அணை கட்டியபோது நீரில் மூழ்கிய கிராமங்களின் கதைதான் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. 2003-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற நாவல். அன்று நிலத்தைக் கொடுத்தவர்கள் வேறு, தண்ணீரை அனுபவித்தவர்கள் வேறு.

மேசையில் யாருக்கெல்லாம் நாற்காலி?

அமெரிக்காவில் நில உரிமைப் பத்திரம் தெளிவு, பணமும் உண்டு. அதை அப்படியே வருசநாட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால், மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, பயத்தைப் போக்குவது. ‘சரிவில் மரம் வளர்த்தால், நாளைக்கு அதையே காடு என்று சொல்லி எடுத்துக்கொள்வார்களோ’ என்ற சந்தேகம் இருக்கும்வரை எந்த விவசாயியும் மரம் வளர்க்க மாட்டார். வைத்த மரத்தின் பலன் அவருக்குத்தான் என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

இரண்டு, பலன் பெறுபவர் பங்கு கொடுப்பது. சரிவில் உழுது காய்கறி போடுவதைவிட, இலவம்போல வேர் பிடித்து நிற்கும் மரப்பயிர் மண்ணைக் கூடுதலாகக் காக்கும். ஆனால், மரம் காய்ப்புக்கு வரும்வரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே? அந்த இடைவெளிக் காலத்துக்கான உதவியில், வைகைத் தண்ணீரைக் குடிக்கும் நகரங்களுக்கும் பங்கு இருப்பது தவறாகாது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் போன்ற திட்டங்கள் கன்று கொடுக்க இருக்கின்றன. கன்றுக்குப் பின்னான வருஷங்களுக்குத்தான் ஆள் இல்லை.

மூன்று, ஒரே மேசை. நீர்வளத் துறை, வனத்துறை, மதுரை மாநகராட்சி, ஐந்து மாவட்டப் பாசன விவசாயிகள், வருசநாட்டு மலைக் கிராமத்தினர், பளியர் மக்கள். இவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எந்தச் சரிவிலிருந்து எவ்வளவு மண் வருகிறது என்ற கணக்கை முதலில் பார்க்க வேண்டும். அதன்பிறகு எந்தச் சரிவைக் காடாகவே விடுவது, எதில் மரப்பயிர் வைப்பது என்று பேசலாம்.

துப்பாக்கி வைத்திருந்த ராணுவமே, பக்கத்து நிலத்துக்காரரின் கதவைத் தட்டிப் பேசித்தான் தன் முகாமைக் காப்பாற்றிக்கொண்டது. வைகையின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் வருசநாட்டுக் கதவை எப்போது தட்டப்போகிறார்கள்?