கிதார் இல்லாத ஸ்பெயின்

இசைத்தட்டுகளின் கதை – 14

போன வாரம் பார்த்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவாகி ஏழு மாதம். அதே நியூயார்க், அதே 30வது தெரு, தேவாலயமாக இருந்து கொலம்பியா ஸ்டுடியோவாக மாறிய அதே உயரமான கூடம். ஆனால் 1959 நவம்பரில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் உள்ளே வரும்போது பிரெஞ்சு ஹார்ன், டியூபா, ஓபோ, பஸூன், ஹார்ப் என்று ஓர் ஆர்கெஸ்ட்ராவே காத்திருக்கிறது. நடத்துபவர் கில் எவன்ஸ். ‘மைல்ஸ் அஹெட்’, ‘போர்கி அண்ட் பெஸ்’ இரண்டையும் சேர்ந்து செய்த ஜோடி. 1960 மார்ச் வரை நீண்ட அடுத்த வேலைதான் ‘ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்’.

தொடக்கம் லாஸ் ஏஞ்சலஸில். ஜோ மாண்ட்ரகான் என்ற பாஸ் கலைஞர் மைல்ஸுக்கு ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார்: ஹோவாக்கின் ரோட்ரிகோவின் ‘கான்சியெர்தோ தே அரன்ஹுவெஸ்’. மூன்று வயதில் பார்வை இழந்த ரோட்ரிகோ, 1939இல் பாரிஸில் கிதாருக்காக எழுதிய படைப்பு. அதன் மெதுவான நடுப்பகுதி மைல்ஸைப் பிடித்துக்கொண்டது.

எவன்ஸ் அந்தப் பகுதியைக் கையில் எடுத்ததும் கிதாரையே நீக்கிவிட்டார். வயலின்களும் கிடையாது. காஸ்டனெட் சலசலக்க, ஹார்ப்பும் தாழ்ந்த குரல் ஊதுகருவிகளும் மெல்லப் புகைபோல எழும்ப, டிரம்பெட்டைவிடக் கனிந்த ஒலியுள்ள ஃப்ளூகல்ஹார்னில் மைல்ஸ் மெட்டைத் தொடுகிறார். பதினாறு நிமிடம். ரோட்ரிகோவுக்கு இது பிடிக்கவில்லை என்று மைல்ஸின் காதுக்கு வந்தது. ராயல்டி காசோலைகள் போய்ச் சேர்ந்தபின் பிடிக்கிறதா பார்ப்போம் என்று தான் பதில் சொன்னதாக மைல்ஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

உலகம் கொண்டாடுவது அரன்ஹுவெஸ் உள்ள முதல் பக்கத்தைத்தான். எனக்கோ, இந்தத் தட்டின் உயிர் மறுபக்கத்தில் இருக்கிறது.

முதல் பக்கத்தில் இருப்பவை ரோட்ரிகோவும் மானுவல் தே ஃபாயாவும் எழுதிவைத்த இசை. மறுபக்கம் தெருவிலிருந்து வந்தது. நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1952இல் ஸ்பெயின் முழுக்க ஒலிப்பதிவுக் கருவியோடு சுற்றினார். வடமேற்கே கலீசியாவில், பன்றிகளுக்குக் காயடிக்கும் தொழிலாளி ஒருவர் பல துளைக் குழலில் ஊதியதைப் பதிந்தார். ஊருக்குள் தாங்கள் வந்திருப்பதை அறிவிக்க அந்தத் தொழிலாளர்கள் ஊதிவந்த குழல் அது. அந்த மெட்டிலிருந்து பிறந்ததுதான் ‘தி பான் பைப்பர்’.

அடுத்தது ‘சயேட்டா’. செவில் நகரத்தில் புனித வாரப் பவனி. சுருபத்தைத் தோளில் சுமந்து வருகிறார்கள். முன்னும் பின்னும் முரசும் எக்காளமும். பால்கனியில் நிற்கும் ஒருத்தி பாட ஆரம்பித்தால் பவனி அப்படியே நிற்கும்; அவள் முடித்த பிறகே நகரும். எவன்ஸ் இந்தக் காட்சியை அப்படியே ஸ்டுடியோவுக்குள் கட்டினார். அணிவகுப்பு நெருங்குகிறது, நிற்கிறது. பால்கனிப் பெண்ணின் இடத்தில் மைல்ஸ்.

டிரம்பெட்டுக்கு இது எளிதல்ல. அந்தப் பாட்டு ஸ்வரங்களில் நிற்பதைவிட அவற்றுக்கிடையே வழுக்குவதும் நடுங்குவதும் உடைவதும்தான் அதிகம். மைல்ஸ் உதட்டாலும் மூச்சாலும் அந்த உடைசலைக் கொண்டுவருகிறார். வேகத்தைக் காட்டவில்லை, வித்தை காட்டவில்லை. ஒரு சொற்றொடர், பிறகு மூச்சு, பிறகு இன்னொன்று. கடைசியில் வரும் ‘சோலெயா’வில் எல்வின் ஜோன்ஸும் ஜிம்மி காபும் தாளத்தை விடாமல் ஓட்ட, அதே குரல் பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கிறது. அரன்ஹுவெஸில் மைல்ஸ் பிறர் கட்டிய வீட்டுக்கு மரியாதையான விருந்தாளி. இங்கே அவர் பாட்டுக்காரர். பாட்டுக்காரருக்கு மட்டுமே உள்ள சுதந்திரமும் ஆபத்தும் இந்தப் பக்கத்தில் அவருக்குக் கிடைக்கின்றன.

1960 ஜூலையில் தட்டு வெளிவந்ததும் ‘இது ஜாஸ்தானா?’ என்ற கேள்வி கிளம்பியது. மறு வருடம் கிராமி விருது வந்தது, அதுவும் ஜாஸ் இசையமைப்புக்காக. கேள்வி அதோடு ஓயவில்லை. ஆனால் முதலில் இரண்டாம் பக்கத்தைப் போட்டுக் கேட்பவருக்கு அந்தக் கேள்வியே எழாது என்பது என் எண்ணம். முன்பின் தெரியாத ஊரின் துக்கத்தைத் தன் மூச்சில் அந்த நிமிடமே கண்டெடுப்பது ஜாஸ் இல்லையென்றால் வேறு எது?

ஸ்பெயினுக்குப் போக இத்தனை பெரிய ஆர்கெஸ்ட்ரா தேவையா? மைல்ஸின் குழுவிலிருந்து 1960இல் பிரிந்துபோன சாக்ஸஃபோன்காரர் ஒருவர், மறு வருடமே இரண்டு பாஸ் கலைஞர்களை வைத்துக்கொண்டு அதே நாட்டுக்கு வேறு வழியில் போனார். அடுத்த வாரம்: ஜான் கோல்ட்ரேனின் ‘ஒலே’.