அந்திம காலத்துக்கு ஓர் எழுத்து

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், விமானப்படைத் தளத்தின் அக்கம்பக்கத்தில் வீடு கட்டிக் குடியமர்ந்து ஓய்வூதியத்தில் காலம் கழிக்கும் பெரியவர்கள், பட்டாவையும் பென்ஷன் காகிதங்களையும் ஒரே கோப்பில் அடுக்கி, வங்கிக் கணக்குக்கு நாமினியும் குறித்து, சொத்துக்கு உயிலும் எழுதிவிடுகிறார்கள்; ஆனால் தம் சரீரம் நினைவிழந்து கிடக்கும் காலத்தில் அதற்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பற்றி, அபசகுனம் என்று அஞ்சியோ என்னவோ, ஒரு வரியும் எழுதுவதில்லை.

அதனால், ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் படிவத்தை நீட்டி, "வெண்டிலேட்டர் போடலாமா, சீக்கிரம் சொல்லுங்க" என்று கேட்கையில், மகன் தகப்பனாரின் சித்தத்தை அறிந்து கையெழுத்திடுவதில்லை. "பெத்தவரையே விட்டுட்டான்னு நாலு பேர் பேசுவாங்களே" என்னும் பயத்தினால் இடுகிறான். இப்பாரத்தைப் பிள்ளைகள் தலையில் சுமத்தாதிருப்பது பெற்றோரின் கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973-ல் தாக்குதலுக்கு ஆளானபின் நாற்பதாண்டுகளுக்கு மேல் உணர்விழந்தே கிடந்து 2015-ல் மறைந்தார். அவர் முன்கூட்டி ஏதும் சொல்லிவைத்தவரல்லர். அவருக்காகப் பிறரே வாதாட நேர்ந்தது. பின்னர் 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, கண்ணியத்துடன் மரிப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையே என்று தீர்ப்பளித்து, முன்கூட்டிய மருத்துவ உயிலை அங்கீகரித்தது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்ற அன்றைய நிபந்தனை சாமானியருக்குப் பெருந்தடையாக இருந்தது. 2023 ஜனவரியில் அது நீங்கியது.

இப்போது, தெளிந்த புத்தியுடைய வயதுவந்த எவரும், அவ்வுயிலை எழுதி, இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். தாம் பேச இயலாதபோது தமக்காகப் பேசவேண்டியவர் பெயரை அதில் எழுதி, பிரதிகளை அவருக்கும், குடும்ப மருத்துவருக்கும், உள்ளாட்சி அமைப்பின் உரிய அதிகாரிக்கும் தரவேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். குணப்பட வழியில்லை என்று மருத்துவமனையின் மூவர் குழுவும், அதன்பின் மாவட்ட மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழுவும் ஒப்பினால்தான் அது செயலுக்கு வரும்; ஆகையால் எவரோ அவசரப்பட்டு உயிரைப் போக்கிவிடுவார்கள் என்ற அச்சம் வேண்டியதில்லை.

கருணைக்கொலை என்று இதைச் சிலர் மயங்கிப் பேசுகிறார்கள். விஷ ஊசி போட நம் சட்டம் எவரையும் அனுமதிக்கவில்லை. இயந்திரத்தை மறுத்தவருக்கு மருத்துவம் நின்றுபோவதும் இல்லை: வலி தணிக்கும் மருந்தும், மூச்சுத்திணறலுக்கு நிவாரணமும், பணிவிடையும் கடைசிவரை தொடரவேண்டும். வீட்டுக் கட்டிலிலேயே கண்மூட வேண்டுமென்ற ஆசை ஒருவருக்கு இருந்தால், அதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதலாம்.